சிபிபி டிஸபிலிட்டி இல்லை என்று கடிதம் வந்தால்

கேள்வி (சுருக்கி):

வணக்கம் ஐயா. எனக்கு 52 வயது, கனடாவில் டொரொன்டோ ஸ்காபரோவில் இருக்கிறேன். ஒரு உணவுத் தொழிற்சாலையில் 17 வருடம் பக்கிங் வேலை செய்தேன். நாரியில் இரண்டு டிஸ்க் விலகி, நோ வலது காலுக்குள் இறங்கிவிட்டது. சலரோகமும் இருக்கிறது, பாதம் விறைக்கும். 2023 கோடையில் ஆறு கிழமை கதிரையில் இருந்து லேபல் ஒட்டும் வேலை தந்து பார்த்தார்கள், அதுவும் முடியவில்லை. ஒக்ரோபரோடு வேலை நின்றுவிட்டது. ஈஐ (வேலைக் காப்புறுதி) சுகவீனக் காசு 26 வாரமும் எடுத்து முடித்தேன். 2024 நவெம்பரில் மகளின் உதவியோடு சிபிபி டிஸபிலிட்டிக்கு, அதாவது கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைக் கொடுப்பனவுக்கு, விண்ணப்பித்தேன். மூன்று கிழமைக்கு முன், நான் பாரமில்லாத வேறு வேலை செய்யலாம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

கோயிலில் ஒருவர், அடுத்த வருடம் புதிதாகப் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் முப்பது வீதம் தந்தால் எடுத்துத் தருகிறாராம். சிநேகிதி ஓடிஎஸ்பிக்கு (ஒன்ராறியோ மாகாண இயலாமை உதவித் திட்டம்) போடச் சொல்கிறாள். ஒன்றுவிட்ட தம்பியின் கேற்றரிங்கில் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் வந்து இருந்து பார்சல் கட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போனால் கேஸ் பழுதாகுமா? கணவர் டெலிவரி ஓடுகிறார். மகளுக்கு 20 வயது, கொலிஜில் முழுநேரம் படிக்கிறாள். மகனுக்கு 15. எனக்கு அலைந்து களைத்துவிட்டது. விட்டுவிடலாமா? அனுப்பிய படிவத்தின் பிரதியையும் மறுப்புக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். புது விண்ணப்பமும் வேண்டாம். மறுப்புக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள், சிபிபி விண்ணப்பங்களைப் பார்க்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவிடம் மீளாய்வு கேட்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது அதுதான். மூன்று கிழமை போய்விட்டது, மிச்ச நாட்கள் போதும். ஆனால் டொக்டரின் கடிதம் வரட்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் காத்திருப்பிலேயே 90 நாளையும் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் பலர். உங்கள் பெயர், சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம், எந்தத் திகதியிட்ட முடிவை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மேலதிக மருத்துவ ஆவணங்கள் பின்னர் வரும் என்று கடைசி வரியில் சேர்த்து, இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள். கூடவே உங்கள் கோப்பின் முழுப் பிரதியையும் கேளுங்கள். டொக்டர் உங்களைப் பற்றி என்ன எழுதினார் என்பதை அதில்தான் பார்க்கலாம்.

அடுத்த வருடம் புதிதாகப் போடலாம் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கணக்கைப் பாருங்கள். சிபிபி சட்டப்படி, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மாதத்திலிருந்து பின்னோக்கி 15 மாதத்துக்கு மேல் போக மாட்டார்கள். உங்களுக்கு எவ்வளவு காலமாக வருத்தம் இருந்தாலும், இயலாமை அந்த 15 மாதத்துக்குள்தான் தொடங்கியது என்று எடுத்துக்கொள்வார்கள். தொடங்கிய மாதத்திலிருந்து நாலாவது மாதம்தான் முதற் கொடுப்பனவு. நீங்கள் 2024 நவெம்பரில் போட்டபடியால் 2023 ஒக்ரோபர் இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. மீளாய்வில் வென்றால் 2024 பெப்ரவரியிலிருந்து நிலுவை கிடைக்கும். இதை விட்டுவிட்டு 2025 நவெம்பரில் புதிதாகப் போட்டு அது வென்றால், 2024 டிசெம்பரிலிருந்துதான் கிடைக்கும். பத்து மாதம் போய்விடும். மாதம் 1,100 டொலர் என்று வைத்துக்கொண்டாலும் 11,000 டொலர். அலைச்சல் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொரு திகதியும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. கடைசி ஆறு வருடத்தில் நாலு வருடமாவது சிபிபிக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. 25 வருடமோ அதற்கு மேலோ கட்டியவர்களுக்கு ஆறில் மூன்று போதும். நீங்கள் 2023 வரை கட்டியிருக்கிறீர்கள். 2020, 2021, 2022, 2023 என்ற நாலு வருடமும் ஒரு ஆறு வருடக் கட்டத்துக்குள் இருப்பது 2025 டிசெம்பர் 31 வரைதான். அந்தத் திகதிக்கு முன்னரே நீங்கள் வேலை செய்ய இயலாத நிலைக்கு வந்துவிட்டீர்கள், அதற்குப் பிறகும் அந்த நிலை தொடர்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டு மூன்று வருடம் கழித்து, வருத்தம் இன்னும் கூடிய பிறகு போடலாம் என்று நினைத்தால், 2025இல் எப்படி இருந்தீர்கள் என்பதற்குப் பழைய பேப்பர்களைத் தேடித் திரிய வேண்டி வரும். உங்கள் டொக்டருக்கும் இந்தத் திகதியைச் சொல்லி வையுங்கள்.

(இதை வாசிக்கும் மற்றப் பெண்களுக்கு ஒரு சொல். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருந்த வருடங்களை இந்தக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். வருடம் போதாது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அறுபது வயதில் வருத்தத்தோடு வேலையை விட்டு அவசரத்தில் சிபிபி ஓய்வூதியம் எடுத்தவர்களும், எடுக்கத் தொடங்கி 15 மாதத்துக்குள் என்றால் டிஸபிலிட்டிக்கு மாற்றக் கேட்கலாம்.)

சரி, ஏன் மறுத்தார்கள்? உங்கள் படிவத்தையும் அவர்களுடைய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் படிவத்தை மட்டும் வாசித்தால் நானும் மறுத்திருப்பேன். எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிற பெண் அந்தப் படிவத்தில் இல்லை.

சட்டம் கேட்பது இரண்டு விஷயம். இயலாமை கடுமையானதாக இருக்க வேண்டும், நீடித்ததாகவும் இருக்க வேண்டும். கடுமை என்பது வருத்தத்தின் பெயரைப் பொறுத்ததல்ல. எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து போதுமான அளவு உழைக்க முடியாத நிலைதான் கடுமை. இதில் ‘எந்த வேலையையும்’ என்பது நம்மவர்களுக்குப் பிடிபடுவதில்லை. பக்கிங் வேலைக்குத் திரும்பிப் போக முடியாது என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், டொக்டரும் எழுதியிருக்கிறார். அவர்கள் அதை மறுக்கவேயில்லை. பக்கிங் முடியாவிட்டால் இருந்து செய்யும் வேலைக்குப் போகலாமே என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் படிவத்தில் எங்குமே இல்லை.

ஆனால் பதில் உங்களிடம் இருக்கிறது. கதிரையில் இருந்து ஆறு கிழமை லேபல் ஒட்டிப் பார்த்து முடியாமல் போனதாக எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தக் கேஸின் பலமே. போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்! வேலை செய்யும் வல்லமை கொஞ்சமாவது இருப்பதற்கு ஆதாரம் தெரிந்தால், வேலை தேடி அல்லது செய்து பார்த்து, உடல்நிலையால்தான் முடியாமல் போனது என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும் என்று 2003இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டீர்கள். பழைய வேலைத்தலத்தில் மனிதவளப் பகுதியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை இலகு வேலை தரப்பட்டது, எத்தனை நாள் வரவில்லை, எத்தனை நாள் இடையில் வீட்டுக்குப் போனீர்கள், ஏன் நிறுத்தப்பட்டது என்பவை அதில் இருந்தால் போதும். கடிதம் தரத் தயங்கினால் வரவுப் பதிவையாவது கேளுங்கள். கூட வேலை செய்த ஒருவர் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தாலும் பிரயோசனம்தான்.

‘ஒழுங்காக’ என்பதும் முக்கியம். ஒரு நல்ல நாளில் மூன்று மணித்தியாலம் இருக்க முடிகிறதா என்பது கேள்வியல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை, வாரா வாரம், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. எந்த நாள் நோ கூடும் என்று உங்களுக்கே முதல் நாள் இரவு தெரியாவிட்டால், எந்த முதலாளி உங்களை வைத்திருப்பார்? அதை அப்படியே எழுதலாம். போதுமான உழைப்பு எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதிகபட்ச டிஸபிலிட்டித் தொகையின் 12 மடங்கு. 2025இல் அது வருடத்துக்குச் சுமார் 20,000 டொலர்.

இனி வில்லானி வழக்கு. 2001இல் அதே நீதிமன்றம் கொடுத்த இந்தத் தீர்ப்பை மீளாய்வுக் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும்போது அவருடைய வயது, படிப்பு, மொழித் திறன், முன்பு செய்த வேலை, வாழ்க்கை அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்து, உண்மை உலகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பாரமில்லாத வேலை என்று ஒபிஸ் சொல்லும்போது என்ன வேலையை நினைக்கிறது? தொலைபேசி, கணினி, வரவேற்பு மேசை. உங்களுக்கு 52 வயது. இங்கே செய்ததெல்லாம் ஒரே லைனில் பக்கிங். எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள், ஆங்கிலம் எவ்வளவு, கணினி தெரியுமா என்று மூன்று வரி எழுதுங்கள். படிவத்தில் படிப்புக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். வெட்கப்பட்டு விட்டீர்களோ தெரியவில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பக்கம் பேசக்கூடிய உண்மை அது.

இப்போது நாளாந்த வேலைகள் பற்றிய பகுதி. நடப்பது, நிற்பது, சமைப்பது, கடைக்குப் போவது என்று கேட்ட எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை’, ‘செய்வேன்’, ‘மகள் உதவி’ என்று முடித்திருக்கிறீர்கள். நம்முடைய வளர்ப்பு அப்படி. சுகமா என்று கேட்டால் காய்ச்சலோடும் சுகம் என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த மேசையில் இருப்பவர் உங்களைக் கண்டதில்லை. அவருக்குத் தெரிவது அந்தத் தாள் மட்டும்தான். எனக்கு எழுதியதை எடுத்து அங்கே போடுங்கள். உதாரணத்துக்கு, நடப்பது என்ற இடத்தில்: ‘கடையில் வண்டிலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன். பிறகு வலது கால் விறைத்து, இருக்க இடம் தேடுவேன். போய் வந்த நாள் பின்னேரம் முழுவதும் படுக்கை.’ சமையல் என்ற இடத்தில்: ‘கதிரை போட்டு இருந்து மரக்கறி வெட்டுவேன். பானையை இறக்க மகன் வர வேண்டும். கிழமையில் மூன்று நாள் அதுவும் முடியாது.’ நிமிடமும், நாளும், பிறகு என்ன நடக்கிறது என்பதும் இருக்க வேண்டும். உங்கள் உண்மை நிமிடங்களைப் போடுங்கள், என்னுடையதை எழுத வேண்டாம்.

அதற்காக மறுபக்கத்துக்கும் ஓடாதீர்கள். ஒன்றுமே செய்ய முடியாது, எப்போதும் படுக்கைதான் என்று எழுதிவிட்டு, டொக்டரின் குறிப்பில் காரோட்டிக்கொண்டு வந்தார் என்று இருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். நல்ல நாளையும் எழுதுங்கள், கெட்ட நாளையும் எழுதுங்கள், மாதத்தில் எது எத்தனை என்று எழுதுங்கள்.

டொக்டரின் குறிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மறுப்புக் கடிதத்தில் அவர்கள் காட்டும் முதற் காரணமே, குளிசைகளால் முன்னேற்றம் இருப்பதாகக் குடும்ப வைத்தியர் பதிந்திருக்கிறார் என்பதுதான். எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சீனி பார்க்கப் போன நாளில் நாரி எப்படி என்று அவர் கேட்டிருப்பார், நீங்கள் இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்றிருப்பீர்கள், அவர் கணினியில் தட்டிவிட்டார். பதிந்ததை அவர் மாற்ற முடியாது. ஆனால் முன்னேற்றம் என்றால் எவ்வளவு என்று விளக்கி ஒரு கடிதம் தரலாம். படுக்கையிலிருந்து எழும்ப முடியாத நிலையிலிருந்து பத்து நிமிடம் நடக்கும் நிலைக்கு வந்ததும் முன்னேற்றம்தான், அது வேலைக்குப் போகும் முன்னேற்றமல்ல.

அந்தக் கடிதத்தைக் கேட்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. டொக்டர் ஒரு லெட்டர் தாங்கோ என்று கேட்டால், இவர் என் நோயாளி, இவருக்கு நாரி நோ, தயவுசெய்து உதவுங்கள் என்று மூன்று வரி வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. நீண்ட சந்திப்பு ஒன்று பதிந்து, ஒரு தாளில் கேள்விகளைக் கொண்டுபோங்கள். ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் இருக்கலாம், நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம். குளிசையால் தூக்கம், தலைச்சுற்று வருகிறதா. இருந்து செய்யும் வேலை என்றாலும் மாதத்தில் எத்தனை நாள் வரமுடியாமல் போகும். என்னென்ன சிகிச்சை செய்யப்பட்டது, எது பலன் தரவில்லை. எப்போதிலிருந்து இந்த நிலை. இனி மாறுமா? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. முதல் அறிக்கையில் எதிர்காலம் பற்றி ‘சொல்ல முடியாது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். நீடித்தது என்பதற்குச் சட்டம் கேட்பது, நெடுங்காலம் நீடிக்கக்கூடியது, எப்போது முடியும் என்று வரையறுக்க முடியாதது என்பதை. அவருடைய மருத்துவக் கருத்து உண்மையில் அதுதான் என்றால், அதைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அவர் நினைக்காததை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள்.

எம்ஆர்ஐயில் நடுத்தரமான மாற்றம்தான் என்று அவர்கள் சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படத்தில் நோ தெரியாது. ஆனால் மூன்றாவது காரணத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். முதுகில் ஊசி போடச் சிபாரிசு செய்தும் நீங்கள் மறுத்துவிட்டதாக நிபுணரின் குறிப்பில் இருக்கிறது. ஊசி போட்டால் கால் இழுத்துவிடும் என்று ஆரோ சொன்னதாக நீங்களும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான சிகிச்சையை மறுத்தால், மறுத்தது ஏன் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊர்க்கதை அதற்குள் அடங்காது. டொக்டரிடம் போய் அந்தப் பயத்தைச் சொல்லி, உங்கள் சலரோகத்தோடு அந்த ஊசியின் நன்மை தீமை என்ன என்று கேளுங்கள். அதற்குப் பிறகு போடலாம், போடாமலும் விடலாம், அது உங்கள் உடம்பு. எதுவானாலும் டொக்டரோடு கதைத்து எடுத்த முடிவு என்று குறிப்பில் இருக்க வேண்டும். நோ சிகிச்சை நிலையத்துக்கு எழுதிவிட்டு இன்னும் அழைப்பு வரவில்லை என்றீர்கள். அந்தப் பரிந்துரைக் கடிதத்தின் பிரதியை, திகதியோடு, இணைத்துவிடுங்கள். வரிசையில் காத்திருப்பது சிகிச்சையை மறுப்பதாகாது.

கடிதத்தின் கடைசியில், மகளுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கும் விஷயத்தை இங்கே விரிக்கவில்லை. நித்திரை இல்லாமல் இருப்பதையும், அழுகையையும், ஒன்றிலும் மனம் செல்லாததையும் படிவத்தில் ஓரிடத்திலும் நீங்கள் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். டொக்டரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே மொழிபெயர்த்தது மகள். அடுத்த முறை மகள் வெளியே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், இல்லாவிட்டால் தமிழ் பேசும் ஒரு சமூக சேவையாளரைக் கூட்டிப் போங்கள். இதை முதலில் உங்கள் சுகத்துக்காகச் சொல்கிறேன். கேஸுக்கும் அது தேவை. வருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது சின்னது, அது சின்னது என்று தள்ள முடியாது, எல்லாவற்றின் மொத்தத் தாக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2011இலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நாரி, பாதம், மனம், குளிசையின் மயக்கம் எல்லாம் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன.

சனிக்கிழமை பார்சல் கட்டும் விஷயம். சட்டப்படி இரண்டு மணித்தியாலம் வேலை செய்வது குற்றமல்ல. டிஸபிலிட்டி எடுப்பவர்களே வருடத்தில் ஒரு தொகை வரை அறிவிக்காமல் உழைக்கலாம், 2025இல் அது 7,100 டொலர். ஆனால் கேஸ் நடக்கும் இந்த நேரத்தில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் போக மாட்டேன். போனால் மறைக்கவும் மாட்டேன். கையில் காசு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிறகு யாராவது கேட்டால், இரண்டு மணித்தியாலம் என்று காட்ட ஒரு துண்டும் இருக்காது. போயே ஆக வேண்டும் என்றால் சம்பளத் துண்டோடு போங்கள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தீர்கள், அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

முப்பது வீதம் கேட்கிறவரிடம், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கறிஞரானாலும் பரலீகலானாலும் (உரிமம் பெற்ற சட்ட உதவியாளர்) அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் கதையை அங்கேயே முடித்துவிடுங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். நானும் காசு வாங்கி இந்த வேலை செய்கிறவன்தான், அதனால் எல்லோரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நிலுவை கூடக் கூட அவருடைய பங்கும் கூடும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கும் டொக்டரிடம் கேட்கும் கேள்விகளுக்கும் 30 வீதம் அதிகம். முதலில், லீகல் எயிட் ஒன்ராறியோவின் நிதியில் இயங்கும் சமூக சட்ட உதவி நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். ஸ்காபரோவிலும் ஒன்று இருக்கிறது. தகுதி இருந்தால் காசு இல்லை.

ஓடிஎஸ்பி வேறு திட்டம், மாகாணத்துடையது. வருத்தத்துக்கான வரையறை அங்கே கொஞ்சம் இலகு, ஒரு வருடமாவது நீடிக்கக்கூடியதாக இருந்தால் போதும். ஆனால் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்ப்பார்கள். தம்பதிக்குச் சொத்து எல்லை 50,000 டொலர், இருக்கும் வீடும் ஒரு காரும் அதில் சேராது. கணவர் முழுநேரம் ஓடும்போது அவருடைய வருமானமே பெரும்பாலும் உங்களை வெளியே தள்ளிவிடும். சிநேகிதி தனி ஆளாக இருக்கலாம். சிபிபிக்கு அந்தச் சோதனை இல்லை. நீங்கள் கட்டிய காசுக்குரிய உரிமை அது, கணவர் எவ்வளவு உழைத்தாலும் குறையாது. அப்புறம், பழைய வேலையில் காப்புறுதி மூலம் நீண்டகால இயலாமைக் கொடுப்பனவு இருந்ததா என்று சம்பளப் பகுதியிடம் கேளுங்கள். இருந்தால், சிபிபி கிடைக்கும்போது அந்த அளவைக் காப்புறுதிக் கம்பனி கழித்துக்கொள்ளும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வென்றால் எவ்வளவு வரும்? 2025இல் அதிகபட்சம் மாதம் 1,673 டொலர். நீங்கள் கட்டியதைப் பொறுத்து உங்களுடையது அதற்குக் கீழே இருக்கும். பிள்ளைகளுக்கும் உண்டு, அதே வருடத்தில் ஒருவருக்கு மாதம் 301 டொலர். மகனுடையது உங்கள் கைக்கு வரும். மகள் 18 தாண்டியவள், ஆனால் 25 வயது வரை முழுநேரம் படித்தால் அவளுக்கும் உரிமை உண்டு. அவள் பெயரில் தனியாக விண்ணப்பித்து, கொலிஜின் அத்தாட்சியும் கொடுக்க வேண்டும். டிஸபிலிட்டிக் காசுக்கு வருமான வரி உண்டு. நிலுவை ஒரே தடவையில் பெரிய தொகையாக வந்து வரி கூடிவிடும் என்று பயப்படுவார்கள். முந்திய வருடங்களுக்குரிய பகுதி 300 டொலர் அல்லது அதற்கு மேல் என்றால், அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் கணக்கிடும்படி வருமான வரிப் பகுதியைக் கேட்கலாம். உங்கள் கணக்காளரிடம் இதைச் சொல்லுங்கள். டிஸபிலிட்டி வரிச் சலுகைக்கு வேறு படிவம், வேறு அளவுகோல். சிபிபி கிடைத்தால் அது தானாகக் கிடைக்காது. ஆனால் 2025 ஜூலையில் தொடங்கிய, மாதம் 200 டொலர் வரை தரும் புதிய கனடா டிஸபிலிட்டி பெனிபிட்டுக்கு அந்த வரிச் சலுகைதான் வாசல். அதற்குக் குடும்ப வருமான எல்லையும் உண்டு.

மீளாய்விலும் இல்லை என்றால், அந்த முடிவு கிடைத்து 90 நாளுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. அங்கே இருப்பவர்கள் சேர்விஸ் கனடா ஆட்களல்ல, தனியான தீர்ப்பாயம். அதுவரை தாளாக மட்டும் இருந்த நீங்கள் முதல் தடவையாக உங்கள் வாயால் கதைக்கும் இடம் அதுதான். தொலைபேசியிலோ வீடியோவிலோ நேரிலோ நடக்கும். வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு வழிகாட்ட அவர்களே ஒருவரைத் தருவார்கள். மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், மேன்முறையீட்டுப் படிவத்திலேயே தமிழ் என்று குறிப்பிட்டுவிடுங்கள். அங்கேயும் மகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். வீட்டில் அவள் தினமும் காண்பதைச் சொல்ல அவள் சாட்சியாக வரட்டும்.